ஒரு ஃபேஸ் போன வியாழக்கிழமை

வியாழன்தோறும் நான் பேசுவதில்லை.
பதினொரு வருஷம்.
அன்னூரில், சத்தி ரோட்டோரம் என் வைண்டிங் பட்டறை.
கருகிய மோட்டாரைத் தூக்கி வருகிறவர்கள்
சிலேட்டைப் படிக்கப் பழகிவிட்டார்கள்.
நாளைக்கு மத்தியானம்.
ஸ்டார்ட்டரும் போச்சு.
ஆயிரத்து எண்ணூறு.
பேரம் பேசுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள்.

அந்த மண்டலத்தில் உப்பை விட்டேன்,
ராத்திரிச் சோற்றை விட்டேன்.
முப்பதாம் நாள்
பிரஷர் மாத்திரையையும் விட்டேன்.
உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்க
வெளியிலிருந்து வெள்ளை மாத்திரை எதற்கு?
சாந்தாமணி அட்டையை எண்ணிப் பார்த்துக் கேட்டாள்.
அவள் கேட்டது வியாழன்.
சிலேட்டைத் தேடாமல் இருந்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள், காலை ஐந்தே கால்.
திருநீறு மூன்று கோடும் நேராக வந்தது.
அவள் பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறம் எப்போதோ
வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது.
வலி, எறும்பு கடித்த அளவுகூட இல்லை.
கையிலிருந்து ருத்திராட்சம் நழுவியது;
யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேசாத நாளில் பேச்சுப் போனால்
யாருக்குத் தெரியும்?

பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்:
"ஆழமாப் போயிட்டாருங். எழுப்பாதீங்க."
யாரோ தீர்த்தம் கொண்டுவந்தார்கள்.
சாந்தாமணி சிலேட்டை என் மடியில் வைத்தாள்.
ஒண்ணுமில்லை என்று எழுதினேன்.
அவள் படித்தது
ஒரு சுழி, பாதிச் சுழி,
அப்புறம் சிலேட்டு விளிம்பைத் தாண்டி
வேட்டியில் இறங்கிய கோடு.

ஷட்டரைத் தூக்க வந்த ராக்கியப்பனுக்குப் பத்தொன்பது வயது.
மோட்டாரைத் தொடாமலே, காதால் கோளாறு சொல்வான்.
என் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.
இடது நின்றது.
வலது, நனைந்த துணியாக விழுந்தது.

"அக்கா, ஒரு ஃபேஸ் போயிருச்சு.
உறுமிட்டே இருக்குது, ஓடவுட்டா காயில் எரிஞ்சுபோகும்.
தீர்த்தம் வேண்டாங், மூச்சுக்குள்ள போயிரும்.
நூத்தியெட்டுக்கு அடிங்க. வெசையா."

போன ஆடியில் அவன் அப்பாவை
விடியட்டும் என்று படுக்க வைத்தவர்கள் நாங்கள்தான்.

நூற்றெட்டு.
அன்றைக்கு அறுபத்து மூன்றில் நின்றிருந்தேன்.

ஆம்புலன்சில் கேட்டார்கள்:
"கடைசியா நல்லா இருந்தது எப்போ?"
அவள் திருநீற்றைச் சொன்னாள்.
ஐந்தே கால். மூணு கோடும் நேருங்.
கோயமுத்தூரில் தலையை ஸ்கேன் எடுத்து
கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று பார்த்து
ஊசி போட்டபோது எட்டே கால்.
நாலரை மணி நேரம் தாண்டினால்
அந்த ஊசி இல்லையாம்.

பேச்சு திரும்ப ஒரு மண்டலத்துக்கு மேல் ஆனது.
படம் காட்டிக் கேட்பாள் அந்தச் சின்னப் பெண், இது என்ன?
கரண்டி என்று தெரியும்.
வாய், குருவி என்றது.
வியாழன்களில் என் சொல்
கொட்டிலில் கட்டிய மாடாகக் காத்திருந்தது.
இப்போது கையில் கயிறு மட்டும்.
இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேனே.

இன்றும் கும்பிடுகிறேன்.
முதலில் மாத்திரை, அப்புறம் திருநீறு.
செப்புக் கம்பியை வலது கையால் சுற்றுகிறேன்,
சுற்றுக்கு ஒரு நாமம்,
பிசகினால் அவிழ்த்து மறுபடி.
ராக்கியப்பன் என் கையில் பட்டை மாட்டிப் பிரஷர் பார்க்கிறான்,
வோல்டேஜ் பார்க்கிற அதே முகத்தோடு.

வியாழன் காலை
தலைக்கு மேல் கை தூக்கும்போது
சாந்தாமணி முன்னால் வந்து நிற்பாள்,
சாமியை மறைத்துக்கொண்டு.
இரண்டு கையும் ஒரே உயரமா என்று பார்ப்பாள்.
"சிரிங்க."
சிரிப்பேன்.
"சொல்லுங்க."
அவளே எழுதித் தந்த வாக்கியம்.
குளறாமல் சொன்னால்தான்
அன்றைய மௌனம் தொடங்கலாம்.

"உப்புக் கம்மியா இருந்தாலும் ரசம் நல்லாத்தானுங் இருக்குது."

"பொய்" என்பாள்.
விலகி நிற்பாள்.